உம்மாவின் விளக்கு

தமிழ்த்துறை நண்பர்கள் இம்மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமெனப் பணித்தபோது, இயற்பியல் கற்பிக்கும் எனக்குத் தயக்கமாகவே இருந்தது. இலக்கியம் பேச வல்லார் பலர் எழுதும் மலரில் மின்தடைக்கும் மின்கலத்துக்கும் இடமுண்டோ என்று எண்ணினேன். ஆயினும், கரும்பலகையில் ஆண்டுதோறும் நான் எழுதி அழித்த விதியொன்றைப் பள்ளிப்படி ஏறாத என் தாயார் எனக்குக் கற்பித்த வரலாற்றைச் சொல்லலாமெனத் துணிந்தேன்.

2016-ஆம் ஆண்டு என் தந்தையார் பக்கவாதத்தால் படுக்கையில் வீழ்ந்தார். பேச்சும் போயிற்று. இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, நாவை நனைத்து, போர்வையைச் சரிசெய்ய வேண்டும். அப்பொறுப்பை உம்மா எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. வாப்பாவுக்கோ உறக்கம் அரிது. கலைந்தால் விடியும்வரை மீளாது. அறை விளக்கைப் போடுவதற்கில்லை. எனவே கடைத்தெருவிலிருந்து சிறியதோர் எல்.இ.டி. டார்ச் வாங்கிக் கொடுத்து, என் கடமை முடிந்ததென்று இருந்துவிட்டேன்.

ஒருவாரம் சென்றிருக்கும். கட்டிற்காலில் இடித்துக்கொண்டு உம்மாவின் கால்விரல் வீங்கியிருந்தது. டார்ச் தலையணைக்கடியில் கிடந்தது. காரணம் கேட்டேன்.

“அது அவங்களை எழுப்பிவிடுது தம்பி. இருட்டே தேவலை.”

டார்ச்சை எடுத்துப் பார்த்தேன். முதல் அழுத்தத்தில் கண்ணைப் பறிக்கும் பேரொளி, அடுத்ததில் நடுத்தரம், மூன்றாவதில் மங்கல், பின்னர் இருவகை மினுக்கல். உம்மாவுக்கு வேண்டியது மூன்றாவது. அதை அடைய முதலிரண்டையும் கடந்தாக வேண்டும். அணைப்பதற்கோ மினுக்கல்களையும் கடந்தாக வேண்டும். நடுக்கடலில் தத்தளிப்பவன் உதவி கோரும் மினுக்கல் நோயாளி அறையில் எதற்கு? அதை வடிவமைத்தவர் பட்டப்பகலில், விளக்கெரியும் மேசையின்முன் அமர்ந்து வடிவமைத்திருக்க வேண்டும் என்றே தோன்றியது.

இருளுக்குப் பழகிய கண் தன் முழுக் கூர்மையை அடைய ஏறத்தாழ அரைமணி நேரமாகும். அதை இழக்கக் கணப்பொழுது போதும். ஆதலின் முதலில் வரவேண்டியது மங்கல் ஒளியே. இழை விளக்குக் காலத்தில் இது எளிதன்று. மின்னோட்டத்தைக் குறைத்தால் இழை செம்மைபாய்ந்து, மின்கலத்தைத் தின்றும் ஒளிதராது. 1993-இல் சுஜி நகமுரா ஒளிமிக்க நீல எல்.இ.டி.யை உருவாக்கியதும், பின்னர் அதன்மேல் மஞ்சள் ஒளிரும்பொருள் பூசி வெள்ளொளி பெறப்பட்டதும் நிலைமையை மாற்றின. (அகசாகி, அமானோ ஆகியோருடன் அவர் 2014-இல் நோபல் பரிசு பெற்றதை மாணவர் அறிவர்.) முழு மின்னோட்டத்தில் நூறிலொரு பங்கு தந்தாலும் எல்.இ.டி. நிறம் மாறாமல் ஒளிரும். ஆகவே, படிப்படியான ஒளி என்பது இவ்விளக்குக்கு இயல்பாகவே அமைந்த வசதி.

நானே ஒன்று செய்ய முற்பட்டேன். 100, 200, 300 மில்லி ஆம்பியர் என மூன்று படிகள் வைத்தேன். சமமான இடைவெளி, என் கணக்கில் குறையே இல்லை. உம்மா போட்டுப் பார்த்தார்.

“மொதலே ரொம்ப வெளிச்சம். அப்புறம் ரெண்டாவதும் மூணாவதும் ஒண்ணுதானே தம்பி?”

மீட்டரை வைத்து அளந்து காட்டினேன். உம்மா மீட்டரைப் பார்க்கவில்லை. சுவரில் விழுந்த ஒளியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. புலனுணர்வு தூண்டலின் கூட்டலைப் பின்பற்றுவதில்லை, விகிதத்தையே பின்பற்றுகிறது என்று 1860-இல் ஃபெக்னர் எழுதினார். 1957-இல் ஸ்டீவன்ஸ் அதைத் திருத்தி அடுக்கு விதியாக்கினார். அதன்படி, இருளில் ஓர் ஒளி இருமடங்காகத் தோன்ற வேண்டுமாயின் ஏறத்தாழ எட்டு மடங்கு தரவேண்டும். இவ்விதியைத் தேர்வுக்கு வினாவாக்கிய நான், என் கைப்பட விளக்குச் செய்தபோது மறந்துபோனேன். 5, 40, 320 எனப் படிகளை மாற்றினேன். மூன்றும் மூன்றாகத் தெரிந்தன.

இத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் கற்றவனுக்கே உரிய ஆசை விடவில்லை. ஒரே பொத்தானில் எல்லாம் அடங்க வேண்டும் என்றெண்ணி, ஏடிடைனி 13 என்னும் நுண்கட்டுப்படுத்தியை வாங்கினேன். அதன் நிரல் நினைவகம் ஒரு கிலோபைட்டே; எனினும் இப்பணிக்கு அது தாராளம். மின்னோட்டத்தைக் குறைக்காமல், விளக்கை விரைந்து ஏற்றி அணைத்து, எரியும் நேரத்தின் பங்கால் ஒளியைக் கூட்டிக் குறைப்பது இம்முறை. நொடிக்கு நூறுமுறை என வைத்தேன்; கண்ணுக்குச் சீராகவே தெரிந்தது. மறுநாள் உம்மா, “தண்ணி ஊத்தினா மணி மணியா விழுது” என்றார். அசையும் பொருள் ஒவ்வொரு துடிப்பிலும் ஓரிடத்தில் ஒளிபெறுவதால், தம்ளரில் விழுந்த நீர்த்தாரை துண்டு துண்டாகத் தோன்றியிருக்கிறது. துடிப்பை நொடிக்குப் பல்லாயிரமாக உயர்த்தினேன், அக்குறை தீர்ந்தது.

பொத்தானின் குறை தீரவில்லை. பாதி அழுத்தினால் மின்சாரம் கணநேரம் அறுந்து மீளும். அறுந்த நேரம் சிறிதா பெரிதா என்பதை மின்தேக்கியொன்றில் எஞ்சிய மின்னூட்டத்தைக்கொண்டு கட்டுப்படுத்தி அறியும். சிறிதாயின் அடுத்த படிக்குச் செல்லும். மிக நேர்த்தியான ஏற்பாடு! மூட்டுவலி கண்ட உம்மாவின் விரலுக்கோ பாதி அழுத்தம் என்பதே கைவரவில்லை. எனவே, கடைசியாக வைத்த படியையே விளக்கு நினைவில் வைக்குமாறு நிரலை மாற்றினேன். வைத்தது வைத்தபடி இருக்குமன்றோ?

ஒரு மாலை என் மகன் தோட்டத்தில் பந்து தேட அவ்விளக்கை எடுத்துச் சென்றிருக்கிறான். அன்றிரவு இரண்டு மணிக்கு உம்மா பொத்தானை அழுத்தினார். முழு வெளிச்சமும் வாப்பாவின் முகத்தில் விழுந்தது. சத்தம் கேட்டு நான் ஓடியபோது, வாப்பா ஒற்றைக் கையால் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உம்மா விளக்கை முந்தானைக்குள் பொத்தி, தம்மையே நொந்துகொண்டிருந்தார். பிழை உம்மாவுடையதன்று, பையனுடையதுமன்று. விடியும்வரை வாப்பாவின் அருகில் அமர்ந்திருந்தேன். அவர் உறங்கவில்லை.

மறுநாள் நுண்கட்டுப்படுத்தியைப் பெயர்த்தெறிந்தேன். பழுதுபட்ட பழைய டிரான்சிஸ்டர் வானொலியிலிருந்து அலைவரிசை மாற்றும் தள்ளுவிசையைக் கழற்றினேன். அதற்கு நான்கு நிலைகள்: அணைப்பு, மங்கல், நடுத்தரம், பேரொளி. மங்கலுக்கு 220 ஓம் மின்தடை, நடுத்தரத்துக்கு 22 ஓம். பேரொளிக்கு மட்டும் 350 மில்லி ஆம்பியருக்கு மேல் விடாத சிறு சில்லு ஒன்று. 2000 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட லித்தியம் மின்கலத்தோடு அனைத்தையும் பிளாஸ்டிக் சோப்புப் பெட்டிக்குள் அடக்கினேன். மங்கலில் மட்டும் வைத்தால் கணக்குப்படி 400 மணி நேரம் எரியும். வட்டமான டார்ச்போல் முக்காலியிலிருந்து உருண்டு விழாது என்பது நான் எதிர்பாராத நன்மை. எல்லாவற்றினும் மேலாக, எரியுமுன்னரே எந்நிலையிலிருக்கிறதென்று கட்டைவிரல் அறிந்துகொள்ளும். பேரொளிக்குச் செல்ல இரண்டு ‘கடக்’குகளைக் கடந்தாக வேண்டும், அறியாமல் அங்கே போய்விட முடியாது. வகுப்பில் இதைக் காட்டினால் மாணவர் நகைப்பர். காட்டியும் இருக்கிறேன்; நகைத்தும் இருக்கின்றனர்.

வாப்பா 2019-இல் காலமானார். உம்மா இன்றும் இரவில் இரண்டு மணிக்கு விழித்துக்கொள்கிறார். தண்ணீர் குடிக்க அவ்விளக்கையே எடுக்கிறார். சென்ற மாதம் மின்கலத்தை மாற்றப் பெட்டியைத் திறந்தேன். தள்ளுவிசையில் மங்கலுக்குரிய தகடு தேய்ந்து பளபளத்தது. பேரொளிக்குரிய தகட்டில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. நான் அதைச் சுரண்டிக்கொண்டிருந்ததை உம்மா சிறிதுநேரம் பார்த்தார்.

“அதை ஏன் தம்பி தேய்க்கிறே? அந்தப் பக்கம் யாரு போறா?”