சின்னப்பர் கரையேறிய தீவில்

சிசிலிக்குத் தெற்கே உள்ளது மால்டாத் தீவு. புனித சின்னப்பரின் கப்பல் உடைந்ததும், அதிலிருந்த 276 பேரும் உயிர் பிழைத்ததும் இங்கேதான். அவர் பெயர் தாங்கிய விரிகுடாவின் கரையில் நாம் நின்றபோது, விடுமுறைக்கு வந்தோர் மூச்சுக்கருவி பூண்டு தெளிந்த நீரில் மூழ்கிக்கொண்டிருந்தனர்.

அன்று மாலுமிகள் கடலில் விட்டுச்சென்ற நான்கு நங்கூரங்களைத் தேடிப் பார்த்தாலென்ன என்ற ஆசை எவருக்கும் எழும். ஆனால், உலோகங்காட்டும் கருவிகொண்டு பழம்பொருள் தேட அரசின் தொல்பொருள் காப்பகத்தாரிடம் அனுமதி பெறவேண்டும் என்கிறது 2002-ஆம் ஆண்டுச் சட்டம். தற்செயலாகக் கண்டதையும் இருந்த இடத்திலேயே விட்டு, உடனே அறிவித்தல் வேண்டும்.

இது வீண் கெடுபிடியன்று. அண்டையிலுள்ள கோசோத் தீவின் ஷ்லெண்டி அருகே, 110 மீட்டர் ஆழத்தில், பினீசியரின் கப்பலொன்று ஏறத்தாழ 2,700 ஆண்டுகளாய்க் கிடக்கிறது. சாடிகள் கிடக்கும் வரிசையே அதன் வரலாற்றைச் சொல்கிறது. ஒன்றைப் பெயர்த்தாலும் அவ்வரலாற்றில் ஓர் ஏடு கிழிந்துபோகும்.

கேட்பாரற்றுக் கிடப்பது உரியவரற்ற பொருளாகிவிடாது. அது இனிப் பிறக்கும் பிள்ளைகளுக்கும் உரியது. அன்று கோதுமையைக் கடலில் எறிந்தவர்கள் வெறுங்கையோடு கரையேறி உயிர் காத்தனர். வெறுங்கையோடு கரையேறுவதால் நமக்கும் இழப்பொன்றுமில்லை.