‘புஸ்’ என்னும் சிறு ஒலி



ஜெர்மனியில் வாகனம் வைத்திருப்போரிடையே ‘ஓ முதல் ஓ வரை’ என்றொரு வழக்கு உண்டு. முதல் ‘ஓ’ அக்டோபர். இரண்டாவது ‘ஓ’, இவர்கள் ‘ஓஸ்டர்ன்’ என்றழைக்கும் ஈஸ்டர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் குளிர்கால டயர். மற்ற மாதங்களில் கோடைக்கால டயர். ஆதலால் ஈஸ்டர் கழிந்த வாரங்களில் இங்குள்ள பல வீடுகளின் நிலவறையிலிருந்து ஒரு சிறு இயந்திரம் வெளியே இழுத்து வரப்படும். 24 லிட்டர் கொள்ளும் இரும்புக் கலம், அதன் முதுகில் ஒரு மோட்டார், இரண்டு சக்கரங்கள், ஒரு சிவப்புக் குமிழ். விலை 100 யூரோவுக்குச் சற்று மேலோ கீழோ இருக்கும். அதுவே வீட்டு ஏர் கம்ப்ரசர். அரையாண்டு உறங்கிய அதன் குமிழைத் தூக்கினால், பல வீடுகளில் அது ‘ம்ம்ம்’ என்று முனகும், சுழலாது. சில நொடிகளில் எம்.சி.பி. விழும். வீட்டுக்காரர் அதைக் குப்பைக்கு அனுப்பிவிட்டுப் புதியதொன்றை வாங்கிவிடுவார்.

அப்படிப்பட்ட ஓர் இயந்திரத்தைப் பற்றியே இன்று எழுதுகிறேன்.

பவேரியாவின் இந்தச் சிற்றூரில், எங்கள் பங்கின் பழைய தானியக் களஞ்சியத்தில், சனிக்கிழமைதோறும் ஒரு மிதிவண்டிப் பட்டறை நடைபெறுகிறது. ஊரார் கைவிட்ட மிதிவண்டிகளைச் செப்பனிட்டு, புகலிடம் தேடி வந்த குடும்பங்களுக்கும் வாங்க இயலாத பிறருக்கும் கொடுப்பது அதன் பணி. பேருந்து நாளுக்கு நான்கு முறை மட்டுமே வரும் ஊர் இது. மிதிவண்டி இல்லாதவருக்கு மொழி வகுப்பு இல்லை; மருத்துவர் இல்லை; வேலையும் இல்லை. பட்டறையைத் தொடங்கி நடத்தியவர் ஓய்வு பெற்ற இரயில்வே மெக்கானிக் ஒருவர். இவ்வாண்டு சனவரியில் அவர் இறைவனடி சேர்ந்தார். கம்ப்ரசர் அவர் தம் கைக்காசில் வாங்கி வைத்தது.

ஈஸ்டருக்குப் பின் வந்த முதல் சனிக்கிழமை, 14 மிதிவண்டிகள் காற்றின்றி வரிசையில் நின்றன. கம்ப்ரசர் முனகியது, எம்.சி.பி. விழுந்தது. “அவரோடு அதுவும் போயிற்று” என்றார் ஒரு முதியவர். எவரும் சிரிக்கவில்லை. கணக்குப் பார்க்கும் அம்மையார், புதியது 119 யூரோ என்றும், பணம் பெரிதன்று, பட்டறையை இனி யார் நடத்துவது என்பதே கேள்வி என்றும் சொன்னார். அவர் சொன்னதில் பிழையில்லை. வியாழக்கிழமை கூடவிருந்த பங்குப் பேரவையில், பட்டறையை நன்றியுடன் நிறைவு செய்துவிடலாம் என்ற எண்ணம் பலருக்கும் இருந்தது.

நான் அப்போது என் அண்ணனை நினைத்துக்கொண்டேன். திருச்சி – திண்டுக்கல் நெடுஞ்சாலை ஓரத்தில் பல ஆண்டுகள் பஞ்சர் கடை வைத்திருந்தவர் அவர். மெஷின் ஓடவில்லை என்று யாராவது வந்து நின்றால், “முதல்ல சுவரப் பாரு, அப்புறம் வயரப் பாரு, கடைசியாத்தான் மோட்டாரப் பாரு” என்பார். எளியதிலிருந்து கடினமானதற்குச் செல்லும் அந்த ஒழுங்கையே நாங்களும் பின்பற்றினோம்.

முதலில் சுவர். அதே பிளக்கில் ஒரு விளக்கைச் செருகினோம், எரிந்தது. மின்சாரம் இருக்கிறது.

அடுத்து வயர். களஞ்சியத்தின் மூலைக்கு 50 மீட்டர் நீட்டிப்பு வயர் ஓடிற்று. அதிலும் பாதி உருளையில் சுற்றியபடியே கிடந்தது. 1,500 வாட் மோட்டார் ஓடும்போது 6 அல்லது 7 ஆம்பியர் எடுக்கும்; புறப்படும் நொடியிலோ அதனினும் பல மடங்கு இழுக்கும். மெல்லிய நீண்ட வயரில் அந்நொடி வோல்டேஜ் சரியும். வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், மோட்டாரின் திருப்புவிசை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆதலால் வயரை நீட்டுவதைவிடக் காற்றுக் குழாயை நீட்டுவதே நல்லது. கம்ப்ரசரைச் சுவர்ப் பிளக்கின் அருகே நகர்த்தி நேரடியாகச் செருகினோம். முனகல் நிற்கவில்லை.

அடுத்துக் குளிர். எண்ணெய் ஊற்றும் வகைக் கம்ப்ரசர்களை 5 டிகிரி செல்சியசுக்குக் கீழே இயக்க வேண்டாம் என்று கையேடுகள் பலவும் சொல்கின்றன. எண்ணெய் குளிரில் தேன்போல் இறுகிப் பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அன்று வெயில் இருந்தது. கண்ணாடிச் சாளரத்தில் எண்ணெயின் அளவும் சரியாக இருந்தது.

அடுத்து மானியைப் பார்த்தோம். முள் 6 பாரில் நின்றது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். குமிழைத் தூக்கியும் இயந்திரம் முனகலே இன்றி முற்றிலும் ஊமையாக இருந்தால், அது பெரும்பாலும் நோயன்று. கலத்தில் காற்று போதுமான அளவு இருப்பதால் பிரஷர் சுவிட்ச் மோட்டாரை அழைக்கவில்லை, அல்லது சூடேறிய மோட்டாரின் பாதுகாப்புப் பொத்தான் வெளியே துள்ளியிருக்கிறது என்று பொருள். முன்னதற்குக் காற்றைத் திறந்துவிட வேண்டும். பின்னதற்கு ஆறவிட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும். முனகுவது வேறு. முனகும் இயந்திரத்திற்கு மின்சாரம் வந்து சேர்ந்துவிட்டது. ஏதோ ஒன்று அதைச் சுழலவிடாமல் பிடித்திருக்கிறது.

கலத்தை முழுவதுமாகக் காலி செய்து மீண்டும் குமிழைத் தூக்கினோம். உடனே ஓடிற்று! முள் ஏறி 8 பாரைத் தொட்டதும் தானே நின்றது. எல்லோரும் கை தட்டினர். இரண்டு மிதிவண்டிகளின் டயர்களை நிரப்பியதும் முள் 6 பாருக்கு இறங்கிற்று. சுவிட்ச் மோட்டாரை அழைத்தது, மறுபடியும் முனகல், மறுபடியும் இருள்.

அப்போதுதான், மூலையில் பழைய டியூபுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்த இளைஞர் எழுந்து வந்தார். சிரியாவின் அலெப்போவிலிருந்து வந்தவர். பல மாதங்களாக எங்களோடு இருந்தும் பத்து வாக்கியம் பேசியதில்லை. ‘ஆர்வமில்லாதவர்’ என்றே பலரும் முடிவு கட்டியிருந்தனர். அவர் கம்ப்ரசரைச் சுட்டி, உதடுகளைக் குவித்து ‘புஸ்’ என்று ஒலி எழுப்பினார். பின் தலையை அசைத்து, தமக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில், “அபூனா, புஸ் இல்லை” என்றார். அரபு பேசுவோர் குருவானவரை ‘எம் தந்தை’ என்னும் பொருளில் அபூனா என்றழைப்பர்.

அவர் சொன்னது முழுமையான நோயறிதல். நல்ல கம்ப்ரசர் தன் உச்ச அழுத்தத்தை எட்டி நிற்கும்போது, ‘புஸ்’ என்று ஒரு மூச்சு விடும். பிஸ்டனுக்கும் கலத்துக்கும் இடையே உள்ள குழாயில் தங்கிய காற்று அப்போது வெளியேறுகிறது. கலத்தின் வாயில் இருக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு, உள்ளே சேர்ந்த காற்று திரும்பி வராமல் காக்கும். பிரஷர் சுவிட்சின் அடியில் இருக்கும் ஒரு சிறு வால்வு, குழாயில் எஞ்சிய காற்றைத் திறந்துவிடும். அதனால் மோட்டார் அடுத்த முறை சுமையின்றிப் புறப்படுகிறது. அந்த மூச்சு வெளியேறாவிட்டால், நாலரை சென்டிமீட்டர் விட்டமே உள்ள பிஸ்டன், 6 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 100 கிலோ எடைக்கு நிகரான விசையைத் தன் முதல் அடியிலேயே எதிர்த்தாக வேண்டும். மலிவான மோட்டாருக்கு அந்த வலு இல்லை. ஓடத் தொடங்கிய பின் அதனால் அச்சுமையைத் தள்ள முடியும்; நின்ற நிலையில் முடியாது.

காற்றின் இந்த வலுவை முதலில் உலகுக்கு விளங்கக் காட்டியவர்களுள் ஒருவரான ஓட்டோ ஃபான் கெரிக்கே, 1654-இல் இதே பவேரியாவின் ரேகன்ஸ்பூர்க் நகரில், பேரரசர் மூன்றாம் ஃபெர்டினாந்து முன்னிலையில் தம் ஆய்வுகளை நடத்திக் காட்டினார். கண்ணுக்குத் தெரியாத ஒன்று இவ்வளவு இறுகப் பிடிக்கக்கூடும் என்பதை அக்காலத்தவர் எளிதில் நம்பவில்லை.

பிளக்கைப் பிடுங்கினோம், கலத்தைக் காலி செய்தோம். இளைஞர் சுவிட்சின் மூடியைக் கழற்றி, விரல் நகத்தளவே உள்ள அந்த வால்வைக் காட்டினார். துருவும் எண்ணெயும் சேர்ந்து கெட்டிப்பட்டு, அதன் ஊசி அசையாது கிடந்தது. மெல்லிய குழாயையும் கழற்றி ஊதிப் பார்த்தார், துணியால் துடைத்தார், ஊசியைப் பலமுறை அழுத்தி விடுவித்தார். பொருட்செலவு ஒன்றுமில்லை. மீண்டும் பூட்டி ஓட்டியபோது, 8 பாரில் மோட்டார் நின்றது. ஒரு நொடி அமைதி. பிறகு ‘புஸ்’.

அவர் அலெப்போவில் தம் தந்தையின் டயர்க் கடையில் வளர்ந்தவர் என்பதை அன்றுதான் அறிந்தோம். அந்தக் கடை இப்போது இல்லை, தந்தையும் இல்லை. அதை அவர் சொன்னபோது, மறைந்த இரயில்வே மெக்கானிக்கின் பெயரை ஒரு முதியவர் எடுத்தார். அடக்கத்துக்குப் பின் அந்தக் களஞ்சியத்தில் அவர் பெயர் ஒலித்தது அதுவே முதல் முறை. அதன்பின் அரை மணி நேரம் எவரும் வேலை செய்யவில்லை. அவருடைய கோபத்தை ஒருவர் சொன்னார். திருகாணிகளை அவர் காப்பி டின்களில் பிரித்து வைத்த விதத்தை இன்னொருவர் சொன்னார். கணக்குப் பார்க்கும் அம்மையார் கண்களைத் துடைத்துக்கொண்டார். மூன்று மாதங்களாக ஒருவரும் வாய்விட்டுப் பேசாததைச் சுமந்தபடி, ‘பட்டறைக்கு ஆள் இல்லை’ என்று முனகிக்கொண்டிருந்தோம். ஆட்கள் இருந்தனர். புறப்படத்தான் முடியவில்லை.

வியாழக்கிழமை பேரவை கூடியது. பட்டறையின் சாவி அந்த இளைஞரிடமும் முதியவர் ஒருவரிடமும் ஒப்படைக்கப்பட்டது. 119 யூரோவுக்கு டியூபுகளும் பிரேக் கட்டைகளும் வாங்கினோம்.

2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் பழுதுநீக்கும் உரிமைக்கென ஒரு நெறிமுறையை இயற்றியது. சலவை இயந்திரம், குளிர்பதனப் பெட்டி, கைபேசி முதலியன அதன் பட்டியலில் உள்ளன; வீட்டுக் கம்ப்ரசர் இல்லை. ஆதலால் இதைப் பொறுத்தவரை நம் காதையும் பொறுமையையுமே நம்ப வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டில் இத்தகைய இயந்திரம் இருந்தால், பின்வருவனவற்றை நினைவில் கொள்ளுங்கள்.

கலம் காலியாக இருக்கும்போது ஓடி, 6 பாரில் மீண்டும் புறப்பட மறுத்தால், மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள். நிற்கும்போது ‘புஸ்’ வருகிறதா என்று கேளுங்கள். ‘புஸ்’ நிற்காமல் தொடர்ந்து, கலமே மெல்லக் காலியானால், நான்-ரிட்டர்ன் வால்வில் கசிவு. பெரும்பாலும் அதன் ரப்பர் அடைப்பில் தூசியோ வெடிப்போ இருக்கும். கலம் காலியாக இருந்தும் முனகல் மட்டுமே வந்தால், எங்கள் ஊர்ப் பட்டறைகளில் கண்டன்சர் எனப்படும் மின்தேக்கியை ஐயுறலாம், அது உப்பியிருக்கக்கூடும். ஆனால் பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும். தொழில் தெரிந்தவரைத் தவிர வேறு எவரும் அதைத் தொட வேண்டாம்.

எதைக் கழற்றும் முன்னும் பிளக்கைப் பிடுங்குங்கள்; மானியின் முள் சுழியத்தைத் தொடும் வரை காற்றைத் திறந்துவிடுங்கள். 8 பார் என்பது கலத்தின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ 8 கிலோ எடையின் அழுத்தம். வேலை முடிந்ததும் கலத்தின் அடியிலுள்ள திருகைத் திறந்து, சேர்ந்த நீரை வடித்துவிடுங்கள். காற்றிலுள்ள ஈரமே உள்ளே நீராகிறது, அந்நீரே துருவாகிறது, எங்கள் வால்வை அடைத்ததும் அத்துருவே. கலத்தில் ஊசித்துளை அளவு கசிவு கண்டாலும் பற்றவைக்க முயலாதீர்கள். அந்தக் கலத்தின் காலம் முடிந்தது. மறுசுழற்சி நிலையத்தில் சேர்த்துவிடுங்கள். எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்பதில்லை. எதைக் காப்பாற்றலாம் என்று அறிந்த பின் முடிவு செய்தால் போதும்.

அந்த 14 மிதிவண்டிகளும் இப்போது ஊர்ச் சாலைகளில் ஓடுகின்றன. சனிக்கிழமைகளில், மதியம் இரண்டு மணி முதல், களஞ்சியம் திறந்திருக்கும். இப்பகுதியில் வாழும் தமிழ் உறவுகளே, மூலையில் நிற்கும் பழைய மிதிவண்டி ஏதேனும் இருந்தால் கொண்டு வாருங்கள். கை கொடுக்க விரும்புவோரும் வரலாம். மொழி தெரியாது என்று தயங்க வேண்டாம்.

தோழமையுடன்,
உங்கள் அருட்பணியாளர்