நாற்சார் வீடு

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளுள் நாற்சார் வீட்டுக்குத் தனிச் சிறப்பு உண்டு. நடுவே வானம் பார்த்த முற்றம்; அதனைச் சூழ நாற்புறமும் தாழ்வாரம்; அதனைத் தாங்கும் மரத்தூண்கள்; பின்னே அறைகள். மலையாளத்து நாலுகெட்டும் செட்டிநாட்டு மாளிகையும் இதற்கு உறவாவன.

இங்கிலாந்து தேசத்துப் பழைய கமக்காரர் வீடுகள் பலவற்றில் ஓக் மரச் சட்டங்களே பாரத்தைச் சுமப்பன. சுவர் அவற்றின் இடைவெளியை அடைப்பது மாத்திரமே. எமது நாற்சார் வீட்டிலோ சுண்ணாம்புக்கற் சுவர் சுமக்கும், கூரை பனையினுடையது. முதிர்ந்த பனைக்குப் புறமே வைரம், உள்ளே சோற்றி. எனவே மரத்தைப் பிளந்து, சோற்றியை நீக்கி, கரிய வைரத்திலிருந்தே வளையும் கைமரமும் சிலாகையும் செதுக்குவர்.

எமது அம்மம்மாவின் வீடும் இத்தகையதே. நாம் ஏடு தொடக்கியது அம்முற்றத்தருகேதான். 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, அம்மம்மா வாயிற் கதவைப் பூட்டித் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். 1996இல் மீண்டபோது கதவும் இல்லை, நிலையும் இல்லை. திறப்பு மாத்திரம் அவர் கையில் இருந்தது. ஆயினும் கூரை நின்றது.

போர் வீழ்த்தாத கூரையைப் பங்கு வீழ்த்தியது. வீடு பெண்மக்களுக்குச் சீதனமாகச் செல்வது எம்மவர் வழமை. அம்மாவுக்கும் சித்திமாருக்குமாக வீடு நான்கு பங்காயிற்று. அறைகளைப் பங்கிடலாம், முற்றத்தை எங்ஙனம் பங்கிடுவது? பிரித்து விற்பதென முடிவாயிற்று. காலஞ்சென்ற அம்மாவின் பங்குக்கு நாமே கையொப்பமிட்டோம்.

கூரை பிரித்த அன்று முதிய ஆசாரியார் ஒருவர் எம்மை அழைத்து, கைமரங்களின் அடியில் உளியால் வெட்டிய கீறுகளைக் காட்டினார். ஒன்றில் ஒரு கீறு, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று. “மாஸ்ரர், எந்த மரம் எந்த இடத்துக்கு என்று அந்தக் காலத்தில் வைத்த கணக்கு இது. ஒன்றும் உக்கவில்லை” என்றார். இங்கிலாந்துத் தச்சரும் இவ்வாறே குறியிட்டனர் என்று நூல்களிற் படித்திருந்தோம். எம் தலைக்கு மேல் இருந்ததை அறிந்திலோம். சொற்களின் புணர்ச்சியை நாள்தோறும் கற்பிக்கும் நாம், பொருந்தி நின்ற மரங்களைப் பிரிக்க உடன்பட்டோம்.

கீறு மூன்றுடைய கைமரம் இப்பொழுது எம் வீட்டுத் திண்ணையிற் கிடக்கின்றது. அதன் அயல் மரங்கள் எங்குள்ளன என்று அறியோம்.

பழைய மாணவ அன்பர்களே, நாற்சார் வீடு உங்களுக்கு உண்டாயின், பங்கிடுமுன் அதனை ஒருமுறை அளந்து வரைந்து வையுங்கள். கூரையிலேறிக் கீறுகளையும் எண்ணுங்கள். நாம் செய்யத் தவறியது இதுவே.