ரிச்சி தெருவில் ஒரு மத்தியானம்

சென்னையில் வயர், ஸ்பீக்கர், கம்ப்யூட்டர், கேமரா என்று எது வேண்டுமானாலும் "ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போ" என்றுதான் சொல்வார்கள். அண்ணா சாலையிலிருந்து (எனக்கு மவுண்ட் ரோடு என்றால்தான் வாயில் வருகிறது) சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் திரும்பினால் வருகிற குறுகலான தெரு அது. பெயருக்குத்தான் ஒரு தெரு. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு என்று சுற்றியுள்ள சந்து பொந்துகளையும் சேர்த்தே ரிச்சி தெரு என்கிறார்கள். ஒரு காலத்தில் ரேடியோ உதிரி பாகங்களுக்குப் பேர்போன இடம். இன்றும் ஓரிரண்டு கடைகளில் டப்பா டப்பாவாகக் குட்டிக் குட்டிச் சாமான்களை வைத்துக்கொண்டு பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மற்றபடி எங்கு திரும்பினாலும் செல்போன்தான்.

தாம்பரம் மார்க்கத்தில் இருப்பவர்கள் மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷனில் இறங்கி, எதிரே சென்ட்ரலில் மெட்ரோ பிடித்தால் அடுத்த ஸ்டேஷனே அரசினர் தோட்டம். அங்கிருந்து நடை தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை போய் ஏமாறாதீர்கள், பெரும்பாலான கடைகள் அடைப்பு.

பிளஸ் டூ முடித்த என் பெண்ணோடு போயிருந்தேன். ஊரை விட்டுத் திருச்சியில் காலேஜ், ஹாஸ்டல். அவளுக்கென்று ஒரு போன் வாங்க வேண்டும். சீட்டுப் பணத்தில் 25,000 ரூபாய் ஒதுக்கியிருந்தோம். அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்தப் பணத்துக்கு இரண்டு வழி இருந்தது. கை மாறி வந்த ஐபோன் 13, அல்லது பிரிக்காத பெட்டியில் சாம்சங் கேலக்ஸி ஏ26. பெண்ணுக்கு ஐபோன்தான் வேண்டும். கூடப் படித்தவர்களில் நாலைந்து பேர் கையில் அதுதானாம். "புது காலேஜ்ல எல்லாரும் முதல்ல போனைத்தாம்மா பார்ப்பாங்க" என்றாள். பதினேழு வயதில் அது சின்ன விஷயமில்லை. நமக்கு அந்த வயதில் தாவணியும் வாட்சும் எப்படியோ, அப்படித்தான்.

தெருவில் கால் வைத்ததுமே, "என்னக்கா வேணும், மொபைலா, லேப்டாப்பா?" என்று இரண்டு பக்கமும் கூப்பிடுகிறார்கள். கூப்பிடுகிற கடைக்கு உடனே போகாமல் ஒரு சுற்று சுற்றி வந்தோம். ஒரு மாடிப்படி அடியில் பையன் ஒருவன் பூதக்கண்ணாடி மாதிரி ஒரு கருவியைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு, அரிசி அளவு சாமானைச் சூடு வைத்து ஒட்டிக்கொண்டிருந்தான். நகைப்பட்டறையில் பத்தர் வேலை பார்ப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே பொறுமை. பெண்ணைக் கூட்டிக்கொண்டு நகரவே மனசில்லை.

பழைய போன் விற்கும் கடையில் ஐபோன் 13-ஐ எடுத்துக் கையில் கொடுத்தார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும், அழகான சாமான். கைக்கு அடக்கம், 173 கிராம்தான். 2021-ல் வந்த மாடலுக்கு 2025-லும் புது அப்டேட் வந்திருக்கிறது என்று பெண் எடுத்துச் சொன்னாள். "நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம்தாம்மா இதைச் செய்றாங்க" என்றும் சொன்னாள். அந்த ஃபாக்ஸ்கான் ஆலையில் பெரும்பாலும் பெண்கள்தான் வேலை செய்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். அதைக் கேட்டதும் எனக்கே அந்தப் போன்மேல் ஒரு ஒட்டுதல் வந்துவிட்டது!

ஆனால் பழையது வாங்கும்போது அழகை மட்டும் பார்க்க முடியாது. செட்டிங்ஸில் 'பேட்டரி' என்ற இடத்தில் அதன் ஆரோக்கியம் நூற்றுக்கு எவ்வளவு என்று வரும். இதில் 79 காட்டியது. 80-க்குக் கீழே போனால் மாற்றுகிற காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். 'அபௌட்' என்ற இடத்தில் எந்தப் பாகத்தையாவது மாற்றியிருந்தால் அதுவும் தெரியும். இதில் திரை, கம்பெனிச் சாமான் இல்லை என்று காட்டியது. கடைக்காரர் மறைக்கவில்லை. "ஆமாக்கா, டிஸ்ப்ளே மாத்தினதுதான், ஒரு மாசம் கடை வாரண்டி தர்றோம்" என்றார். அந்த நேர்மையை நான் மெச்சினேன்; ஆனால் ஒரு மாதம் கழித்து யாரைப் போய்க் கேட்பது? பிள்ளை திருச்சியில் இருப்பாளே!

இன்னொன்றும் பார்த்தோம். *#06# அழுத்தினால் 15 இலக்க எண் ஒன்று வரும். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துக்களை அடித்து, சற்று இடம் விட்டு அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு மெசேஜ் அனுப்பினால் அந்தப் போனின் ஜாதகமே வரும். தடை செய்யப்பட்டது, போலி எண் என்கிற மாதிரி பதில் வந்தால் வாங்கவே கூடாது. திருட்டுப் போன் கையில் இருந்தால் வீண் வம்பு நமக்குத்தான். இந்தப் போனுக்கு அப்படி எதுவும் வரவில்லை, நிம்மதி.

நாலு கடை தள்ளி சாம்சங். திரை பெரிது, 6.7 அங்குலம். 200 கிராம் கனம். என் பெண்ணின் சின்னக் கைக்குக் கொஞ்சம் அதிகம்தான், சுடிதார் பையிலும் பாதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். படம் எடுத்துப் பார்த்தாள், முகம் அவ்வளவு மலரவில்லை. ஆனால் பேட்டரி 5000. ஐபோனில் சுமார் 3200தான். மெமரி கார்டு போட்டுக்கொள்ளலாம். 2025-ல் வந்த மாடல், ஆறு வருஷம் அப்டேட் தருவதாகக் கம்பெனி சொல்லியிருக்கிறது. படிப்பு முடிந்து வேலைக்குப் போகிறவரை ஓடும். சார்ஜர் வயரும் அவருடைய போனுக்குப் போடுகிற அதே டைப்-சி. ஐபோன் 13-க்கு வேறு வயர் வேண்டும்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் பிடிவாதம் பிடித்திருப்பாள், அவளை எனக்குத் தெரியாதா? ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றேன். பாதி குடித்தவள், "ஹாஸ்டல்ல ராத்திரி சார்ஜ் போயிடுச்சுன்னா உங்களுக்கு எப்படிம்மா பேசுவேன்?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "புதுசே எடுத்துக்கலாம்" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. பழைய போன் கடை வழியாகத் திரும்பும்போது கண்ணாடிப் பெட்டியை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். நான் பார்க்காத மாதிரி நடந்தேன்.

பில்லைக் கேட்டு வாங்குங்கள். செல்போனுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம், "பில் இல்லேன்னா குறைச்சுத் தர்றேன்" என்று யாராவது சொன்னால் மயங்க வேண்டாம். பில்லில் உள்ள எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் போனில் வருகிற எண்ணும் ஒன்றுதானா என்று கடையிலேயே ஒத்துப் பாருங்கள். இந்தக் காலத்தில் பல போன்களுக்குப் பெட்டிக்குள் சார்ஜர் வைப்பதில்லை. வயர் மட்டும்தான் இருந்தது. 25 வாட்ஸ் சார்ஜர் தனியாக வாங்க வேண்டியிருந்தது. மேல் கண்ணாடி ஒட்டுவதற்குக் கடைக்குக் கடை ஒரு விலை சொல்கிறார்கள், தாராளமாகப் பேரம் பேசலாம். என் பெண் பேசி 50 ரூபாய் குறைத்துவிட்டாள்.

இறுட்டினால் இந்தச் சந்துகளில் ஸ்கூட்டரும் ஆட்டோவும் தள்ளு வண்டியும் சேர்ந்து நடக்கவே வழி இருக்காது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் காலை பதினோரு மணி வாக்கில் போய், மூன்று மணிக்குள் திரும்பிவிடுங்கள்.