லெப்ரஸியும் பெரியப்பாவும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. உனக்குப் பிடிச்ச ஆல்பம் எதுன்னு யாராவது கேட்டா ராஜா, ரஹ்மான்னு பொதுவா ஏதாவது சொல்லித் தப்பிச்சிடுவேன். உண்மையைச் சொன்னா கேட்டவர் ஒரு அடி பின்னால போயிடுவார். ஏன்னா ஆல்பத்தோட பேரு 'லெப்ரஸி'. அதாவது தொழுநோய். அதைப் போட்ட பேண்டோட பேரு 'டெத்'. அதாவது சாவு. ஆமாங்க, மங்களகரமா ஆரம்பிச்சிருக்கேன்!

கொசுவத்திச் சுருளைக் கொஞ்சம் சுத்திக்கிறேன். வருஷம் 2000. வீடு தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன்ல இருந்து நடக்கிற தூரம். எங்க ஏரியாவுக்குப் பேரே ஒரு வியாதியால வந்தது. 1928ல டாக்டர் டேவிட் சவுரிமுத்து காசநோய்க்காரங்களுக்காக ஆரம்பிச்ச ஆஸ்பத்திரிதான் அந்த சானடோரியம். பஸ்ல 'சானடோரியம் ஒண்ணு'ன்னு டிக்கெட் கேட்டா பக்கத்து சீட்காரர் லேசா நகர்ந்து உட்கார்ந்ததை நானே பார்த்திருக்கேன். வியாதியோட பேரைக் கேட்டதும் ஜனங்க நகர்றது எனக்குச் சின்ன வயசுலயே பழக்கம்.

காலேஜ்ல ஒரு சீனியர் எம்பி3 சிடி ஒண்ணு ரைட் பண்ணிக் கொடுத்தார். மெட்டாலிகா, அயர்ன் மெய்டன்னு கேட்டுக்கிட்டுத் திரிஞ்ச பையன் நான். "இதைக் கேட்டுட்டு வா, அதெல்லாம் தாலாட்டு மாதிரி இருக்கும்"னார். வீட்டுக்கு வந்து வின்ஆம்ப்ல போட்டேன். முதல் பாட்டே 'லெப்ரஸி'தான், ஆறு நிமிஷத்துக்கு மேல. குரல் ஆரம்பிச்ச பத்தாவது செகண்ட் சமையல்கட்டுல இருந்து அம்மா ஓடி வந்து கேட்ட கேள்வி: "யாருக்குடா உடம்பு சரியில்ல?"

எனக்கும் முதல் தடவை ஒண்ணும் புரியல. மூணாவது தடவைதான் பிடிபட்டுச்சு. இது வெறும் கூச்சல் இல்ல. கிட்டாரை வழக்கமான சுருதியில இருந்து ஒரு முழுப்படி இறக்கி வெச்சிருப்பாங்க. அதனால சத்தம் ஈர மண்ணு மாதிரி கனமா இருக்கும். பாட்டு வேகமா ஓடிக்கிட்டே இருக்கும்போது திடீர்னு பாதி வேகத்துக்கு விழும். எக்ஸ்பிரஸ் ரயில் ஸ்டேஷன் அவுட்டர்ல பிரேக் போட்ட மாதிரி. அந்த இடத்துலதான் தலை தானா ஆட ஆரம்பிக்கும். சோலோவும் ரெண்டு விதம். ரிக் ராஸ் வாசிக்கிறது வேமி பாரை அழுத்திக் கீச்சுன்னு அலற விடுறது. சக் ஷுல்டினர் வாசிக்கிறது, அத்தனை கலவரத்துக்கு நடுவுல ஒரு ஒழுங்கான மெலடி. டிரம்ஸ் வாசிச்ச பில் ஆண்ட்ரூஸை 'ரொம்ப சிம்பிள்'னு கிண்டல் பண்றவங்க உண்டு. எனக்கு அந்த சிம்பிள்தான் பிடிச்சது. ஒரு அடியும் வீணா விழாது.

இந்த இசையெல்லாம் ஏதோ பனி கொட்டுற தேசத்துல இருந்து வருதுன்னு நினைச்சிருந்தேன். பார்த்தா அமெரிக்காவுல ஃப்ளோரிடா! டாம்பா நகரத்துல மாரிசவுண்ட்னு ஒரு ஸ்டூடியோ. வெயில், வேர்வை, சதுப்பு, கொசு, புயல். கிட்டத்தட்ட நம்ம பள்ளிக்கரணைதான். மார்பிட் ஏஞ்சல், ஒபிச்சுவரி, டீசைட்னு டெத் மெட்டல்ல பெரிய தலைங்க பாதிப் பேர் அந்த வட்டாரம். 1987ல வந்த டெத்தோட முதல் ஆல்பம் 'ஸ்க்ரீம் ப்ளடி கோர்' முழுக்க பேய்ப்பட, பிணப்பட சமாச்சாரம். அடுத்த வருஷம், 1988 ஆகஸ்ட்ல, 'லெப்ரஸி'. எட்டுப் பாட்டு, நாற்பது நிமிஷம்கூட இல்ல. இதுல சக் பேயை விட்டுட்டு நிஜ சாவுக்கு வந்துட்டார். நோய், கருவி மாட்டி உயிரை இழுத்துப் பிடிக்கிற ஆஸ்பத்திரிப் படுக்கை, பாடை. அப்போ அவருக்கு வயசு 21.

இப்பதான் முக்கியமான ஆள் வர்றார். என் பெரியப்பா.

எங்க வீட்டுப் பின்பக்க ரூம்ல இருந்தார். ஒரு காலத்துல அச்சாபீஸ்ல கம்பாசிட்டர், ஈய எழுத்துப் பொறுக்கி அடுக்குற வேலை. விரல்தான் அங்கே மூலதனம். அந்த விரல்தான் முதல்ல மரத்துப் போச்சு. எடுத்த எழுத்து கையில இருக்கா விழுந்துடுச்சான்னு தெரியலையாம். அப்புறம் விரல் மடங்க ஆரம்பிச்சது. வேலை போச்சு. பெரியம்மாவும் போயிட்டாங்க. போக சட்டமே இடம் கொடுத்தது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து வாங்கலாம்ங்கிற பிரிவை 2019லதான் எடுத்தாங்க.

வருஷக்கணக்கா டாப்சோன் மாத்திரை. அப்புறம் மூணு மருந்தைச் சேர்த்துக் கொடுக்கிற கூட்டு மருந்து சிகிச்சை வந்தது. செங்கல்பட்டு திருமணியில இருக்கிற மத்திய தொழுநோய் நிறுவனத்துக்கு மாசா மாசம் ரயில்ல போய் வாங்கிட்டு வருவார். அதுல ஒரு மாத்திரை தோலைக் கறுக்க வெச்சிடும். ரெண்டு வருஷத்துல குணமாயிட்டார். கிருமி போச்சு, மடங்கின விரல் மடங்கினதுதான். மாத்திரை முடிஞ்ச வருஷம் 1988. ஆல்பம் வந்த அதே வருஷம்னு ரொம்பப் பின்னாலதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

குணமாகி பன்னெண்டு வருஷம் கழிச்சும் எங்க வீட்டுல அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். தட்டுக்குப் பின்னால சிவப்பு பெயிண்ட்ல ஒரு பொட்டு. பாட்டி வெச்ச பொட்டு. பாட்டி போயும் பொட்டு போகல. நானும் பேப்பரோ காப்பியோ அவர் கையில கொடுத்தது கிடையாது. பக்கத்துல ஸ்டூல்ல வெப்பேன். யாரும் சொல்லித் தரல. பார்த்துப் பார்த்து வந்த பழக்கம்.

நான் அந்த ஆல்பம் அட்டையை ப்ரவுசிங் சென்டர்ல கலர் பிரிண்ட் எடுத்து டேபிள் மேல ஒட்டி வெச்சிருந்தேன். எட் ரெப்கா வரைஞ்சது. கந்தல் போர்த்தின, முகம் உருக்குலைஞ்ச ஒரு ஆள். செம கெத்தா இருக்குன்னு நினைப்பு. பின் ரூம்ல யார் இருக்காங்கன்னு அந்தப் பத்தொன்பது வயசு மண்டைக்கு உறைக்கவே இல்ல.

ஒரு மத்தியானம் பெரியப்பா உள்ளே வந்தார். கம்பாசிட்டர் கண்ணு, எழுத்தைத்தான் முதல்ல பார்த்தது. கூட்டிப் படிச்சார். "லெப்ரஸி". எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. கழட்டிடறேன்னு எழுந்தேன். "இருடா. பாட்டா இது? போடு, கேக்கிறேன்"னார்.

ஹெட்போனை அவரால விரிச்சு மாட்ட முடியல. நான்தான் மாட்டி விட்டேன். ஆறு நிமிஷமும் உட்கார்ந்து கேட்டார். முடிஞ்சதும் என்ன பாடுறான்னு கேட்டார். சொன்னேன். உடம்பு உருக்குலைஞ்சவங்களை ஊரு ஒதுக்கித் தள்ளிடுது, சதை அழுகி சாகிறாங்கன்னு பாடுறான்.

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னார்: "ஒதுக்குறதைச் சரியாத்தான் சொல்லியிருக்கான். ஆனா அழுகாதுடா. மரத்துத்தான் போகும். சுடுறது தெரியாது, குத்துறது தெரியாது. அதனால புண்ணாகும். அந்தப் பையனுக்கு யாரும் சொல்லல போல."

அவர் சொன்னதுதான் மருத்துவமும். வேலூர் சிஎம்சியில 1940கள் கடைசியில டாக்டர் பால் பிராண்ட் கண்டுபிடிச்சு உலகத்துக்குச் சொன்னது இதையேதான். விரல் தானா அழுகி விழுறதில்ல. நரம்பு செத்து உணர்ச்சி போறதால, காயம் பட்டு, கவனிக்காம விட்டு, தேயுது. மடங்கின விரலை ஆபரேஷன் பண்ணி நிமிர்த்தவும் அங்கேதான் வழி கண்டாங்க.

போறப்போ பெரியப்பா இன்னொண்ணும் சொன்னார். "ரத்தக்கண்ணீர் பார்த்திருக்கியா? ராதா குரலும் இப்படித்தான் கரகரன்னு இருக்கும். ஆனா அதுல அவன் தேவடியா வீட்டுக்குப் போனதால வந்துச்சும்பான். பாவத்துக்குக் கூலின்னு. ஊரே கை தட்டுச்சு, நானும்தான் தட்டினேன். இவன் அப்படி ஏதும் சொல்றானா?"

பாட்டு வரியை மனசுக்குள்ள ஓட்டிப் பார்த்தேன். இல்ல. எந்த இடத்துலயும் இல்ல. 1954ல வந்த அந்தப் படத்துல எம்.ஆர்.ராதா நடிப்பை இன்னைக்கும் யாராலயும் தொட முடியாது. ஆனா வியாதியைத் தண்டனையா காட்டினது காட்டினதுதான். லெப்ரஸி பாட்டுல அழுகல் உண்டு, பயங்காட்டல் உண்டு, மருத்துவப் பிழையும் உண்டு. 'உனக்கு வேணும்'ங்கிறது மட்டும் கிடையாது. இந்த ஆல்பத்தை நான் இன்னும் விடாம வெச்சிருக்கிறதுக்கு முதல் காரணம் அதுதான்.

இனிமே சொல்றது நல்லா இருக்காது. ஆனா சொல்லாம விட்டா மேல எழுதின எல்லாமே பொய். பெரியப்பா அந்தப் பக்கம் போனதும் ஹெட்போனை எடுத்து சட்டையில துடைச்சேன். ஏன் துடைச்சேன்னு தெரியலன்னு எழுதத்தான் ஆசை. தெரியும். ஆல்பம் பேரைத் தலையில தூக்கி வெச்சு ஆடினவன், அந்தப் பேரோட வாழ்ந்தவர் காது பட்ட பஞ்சைத் துடைச்சான். அவர் பார்த்தாரான்னு மட்டும் இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

2001 டிசம்பர் 13, சக் ஷுல்டினர் செத்துப் போனார். மூளையில கட்டி. வயசு 34. வைத்தியச் செலவுக்குப் பணம் இல்லாம ரசிகர்களும் மத்த பேண்டுகளும் நிதி திரட்டினாங்க. ஒன்பது வயசுல அண்ணன் ஃப்ராங்கை விபத்துல பறிகொடுத்த பையன் அவர். அந்தத் துக்கத்துல இருந்து மீளட்டும்னு வீட்டுல வாங்கிக் கொடுத்ததுதான் கிட்டார். பெரியப்பாகிட்ட சொன்னேன். "அந்தப் பையனா? அடப்பாவமே"ன்னார். அப்புறம், "யாராவது கூட இருந்தாங்களாமா?"ன்னு கேட்டார்.

2008ல பெரியப்பா மாரடைப்புல போனார். குளிப்பாட்டணும். சொந்தக்காரங்க எல்லாம் வாசல்லயே நின்னாங்க. 'தொடலாமா?'ன்னு ஒருத்தர் மெதுவா கேட்டார். குணமாகி இருபது வருஷம் ஆச்சுங்க! அப்பா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு என்னைப் பார்த்தார். போனேன். அந்தக் கையை அன்னைக்குத்தான் முதல் தடவையா முழுசாப் பிடிச்சேன். விரல் மடங்கினபடியே இருந்துச்சு.

மேளம் வேண்டாம், சத்தமில்லாம முடிச்சிடலாம்னு பெரியவங்க சொன்னாங்க. அப்பா ஒத்துக்கல. "என் அண்ணன் என்ன திருடிட்டா செத்தான்? அடிங்கடா"ன்னார். அடிச்சாங்க. தெரு முழுக்க அதிர்ந்துச்சு. சாவுக்கு மேளம் அடிச்சு ஆடுற ஊர்ல டெத் மெட்டல் என்ன பெரிய புதுசுன்னு தோணிச்சு. வேகமா போய்க்கிட்டே இருந்து சட்டுன்னு பாதியா விழுற அதே தாளம்.

அந்தப் பொட்டு வெச்ச தட்டு இன்னும் வீட்டுல இருக்கு. அம்மா அதுல அப்பளம் பொரிச்சு வைக்கிறாங்க. யாரும் ஒண்ணும் சொல்றதில்ல.

இப்போ இந்த ஆல்பம் போன்லயே கிடைக்குது. கேட்கணும்னு தோணினா முதல்ல 'புல் த பிளக்' கேளுங்க, அதுதான் சுலபமா பிடிபடும். அப்புறம் 'லெஃப்ட் டு டை'. டைட்டில் பாட்டு கடைசியா. நான் செங்கல்பட்டு லோக்கல்ல போகும்போது போடுவேன். தாம்பரத்துல ஆரம்பிச்சா செங்கல்பட்டு வர்றதுக்குள்ள கிட்டத்தட்ட முழு ஆல்பமும் முடிஞ்சிடும். பெரியப்பா மாசா மாசம் மாத்திரைக்குப் போன அதே ரூட்டு.

டிஸ்கி: தோல்ல உணர்ச்சி இல்லாத, வெளிறின தேமல் இருந்தா வெட்கப்படாம அரசு ஆஸ்பத்திரியில காட்டுங்க. ஆறு மாசமோ ஒரு வருஷமோ மாத்திரை, அதுவும் இலவசம். மரத்துப் போறதுக்கு முன்னால போனா விரல் மிஞ்சும்.