சருகுக்கு அடியில் ஒரு பெயர்ப் பட்டியல்

போடிநாயக்கனூரிலிருந்து ஏலத்தோட்டங்களுக்குக் கிளம்பும் ஜீப்புகளில், பொழுது விடிவதற்குள்ளாகவே பெண்கள் இடம் பிடித்துவிடுகிறார்கள். முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி ஏறினால், சுமார் 4,500 அடி உயரத்தில் போடிமெட்டு. இந்தப் பக்கம் தேனி மாவட்டம். நாலு எட்டு வைத்தால் கேரளத்தின் இடுக்கி. மாந்தோப்புகளும் வெயிலும் கீழேயே நின்றுவிட, மேலே பனிமூட்டமும் பெருமரங்களின் நிழலில் ஏலச்செடிகளும். மூணாறுக்கு விரையும் பயணிகள் தேநீர் குடித்து, படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

குனிந்து பார்ப்பவர்களுக்கு இங்கே இன்னொரு காடு இருக்கிறது. மட்கிய சருகை ஒதுக்கினால், ஒரு கைப்பிடி மண்ணுக்குள் நடமாடும் எறும்புகளில் சில இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஏலக்காயை எட்டு மில்லிமீட்டர், ஏழு மில்லிமீட்டர் என்று சலித்துத் தரம் பிரிக்கும் வட்டாரத்துக்கு இது ஒன்றும் புரியாத கணக்கல்ல. ஆனால் எறும்பைத் தரம் பிரிக்கச் சல்லடை போதாது.

தமிழில் எறும்புப் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. கட்டெறும்பு, சிற்றெறும்பு, சுள்ளெறும்பு, கடிக்காத சாதுவானதால் பிள்ளையார் எறும்பு, புழுக்களின் பட்டிழையால் மா இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு. எல்லாம் பட்டு அறிந்தவர்கள் வைத்த பெயர்கள். சிக்கல் என்னவென்றால், கட்டெறும்பு என்ற ஒரே பெயருக்குள் பல இனங்கள் அடக்கம். மறுபுறம், ஒரே கூட்டில் பிறந்த பெருந்தலைக்காரனும் சிறுதலைக்காரனும் வேறு வேறு ஜாதி என்று நினைக்கவைப்பார்கள். இந்திய எறும்புகள் பற்றி 2016இல் வெளியான பட்டியலில் இனங்களும் துணை இனங்களுமாக 828 பெயர்கள் உள்ளன.

அடையாளம் காண்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. சருகைச் சலித்துப் பிடித்த எறும்பை ஆல்கஹாலில் போட்டு, பின்னர் முக்கோணக் காகித நுனியில் ஒட்டி, மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைக்க வேண்டும். இடுப்பில் முடிச்சு ஒன்றா, இரண்டா? வயிற்று நுனியில் கொடுக்கா, அமிலம் பீச்சும் வட்டத் துளையா? தாடையில் எத்தனை பற்கள்? உணர்கொம்பில் எத்தனை கணுக்கள்?

கடைசிக் கேள்வி சாதாரணமானதல்ல. ஊசெரேயா என்ற அரிய எறும்புப் பேரினத்தில் எட்டு, ஒன்பது அல்லது பதினொரு கணுக்கள் கொண்டவையே அதுவரை தெரிந்திருந்தன. பாட்டியாலாவின் பஞ்சாபி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹிமேந்தர் பார்தியின் குழு பத்துக் கணுக்கள் கொண்ட இரண்டு புதிய இனங்களை 2021இல் அறிவித்தது. ஒன்று, போடிமெட்டுக்குத் தெற்கே அதே மலைத்தொடரிலுள்ள பெரியாறு புலிகள் காப்பகத்தில் கிடைத்தது. இன்னொன்று, மதுரைக்குப் பக்கத்து அழகர்கோயில் மலையில். லட்சக்கணக்கானோர் கள்ளழகரைக் கும்பிட்டுத் திரும்பும் மலையில், ஒரு கணுவை எண்ணிப் பார்க்க இத்தனை காலம் பிடித்திருக்கிறது.

பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்கள், நத்தம் அருகேயுள்ள கரந்தமலை அடிவாரத்து மக்களிடம் பேசலாம். 2022இல் அங்கே எறும்புகள் படையெடுத்தன. ஆடுமாடுகளின் கண்களைத் தாக்கின; மனிதர்களின் தோலில் அரிப்பும் கொப்புளமும். காட்டுக்குள் மாடு மேய்க்கப் போகவே பயந்தார்கள். பூச்சியியலாளர்கள் இதை அனோப்லோலெபிஸ் கிராசிலிபெஸ், அதாவது மஞ்சள் பைத்திய எறும்பு என்று அடையாளம் கண்டார்கள். கொட்டும் ஜாதியல்ல; ஃபார்மிக் அமிலம் பீச்சுவது. ஒரு கூட்டில் பல ராணிகள். கூடுகள் ஒன்றோடொன்று சண்டையிடாமல் இணைந்து பெருங்குடியிருப்பாகின்றன. ஒரு புற்றை அழித்தால் போதும் என்ற கணக்கு இங்கே எடுபடாது.

இந்தியப் பெருங்கடலின் கிறிஸ்துமஸ் தீவில் இதே எறும்பு கோடிக்கணக்கான செந்நண்டுகளைக் கொன்றது. அங்கே முதலில் விஷ இரை தூவினார்கள். பிறகு, எறும்புக்குத் தேன்துளி சுரந்து தீனி போட்ட செதில் பூச்சியைக் குறிவைத்து, 2016இல் ஒரு நுண்குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். எதிரியின் பெயர் தெரிந்தபிறகுதான் அதன் சாப்பாட்டுக் கடை எங்கே என்று தேட முடிந்தது.

வேடிக்கை என்னவென்றால், இந்த எறும்பு தென்னிந்தியாவுக்குப் புதிதே அல்ல. மதராஸ் ராஜதானியில் மருத்துவராக இருந்த டி.சி. ஜெர்டன், 1851இல் வெளியிட்ட தென்னிந்திய எறும்புப் பட்டியலில் இதையும் வர்ணித்து, நீண்ட கால் என்று பொருள்படும் 'லாங்கிபெஸ்' என்ற பெயரைச் சூட்டியிருக்கிறார். அதே பெயரை வேறோர் எறும்புக்கு முன்பே வைத்துவிட்டதால் பிற்பாடு அது செல்லாமல் போனது. தாவிப் பாய்ந்து இரை பிடிக்கும் ஹார்பெக்னாத்தோஸ் சால்டேட்டரை உலகுக்குச் சொன்னதும் அவர்தான். அவர் பார்த்த மாதிரிகள் பலவும் இன்று இல்லை. எஞ்சியிருப்பது வர்ணனை மட்டும். ஆகவே இன்றும் ஆய்வாளர்கள் அந்தச் சொற்களைக் கையில் வைத்துக்கொண்டே எறும்பைத் தேடுகிறார்கள்.

போடிமெட்டு ஏலத்தோட்டங்களில் இலைப்பேனுக்கும் தண்டுத் துளைப்பானுக்கும் மருந்து தெளிப்பது வாடிக்கை. செடியிலிருந்து வழியும் மருந்து விழுவது சருகின் மேல். மாலையில் ஜீப்புகள் மறுபடி 17 வளைவுகளையும் இறங்குகின்றன. சருகுக்கு அடியில் எந்தெந்தப் பெயர்கள் இருந்தன என்று தெளிப்பதற்கு முன்னால் எண்ணிப் பார்க்கும் வழக்கம் தோட்டங்களில் இல்லை.