எமரால்டு ஏரிக்கு அம்மாவுடன்

ஜூன் 1, 2024, சனி

காலை எட்டு மணிக்கு முன்பே மடிக்கணினியைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். ஜூலை 11-க்கு அனுமதி கிடைத்துவிட்டது, அதுவும் அதிகாலை நேரத்துக்கே. கொலராடோவின் ராக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குக் கோடையில் நினைத்த மாத்திரத்தில் போய்விட முடியாது. ஜூலைக்கான சீட்டுகள் ஜூன் முதல் தேதி காலை எட்டு மணிக்குத்தான் திறக்கும். நாங்கள் போகவேண்டிய பேர் லேக் சாலைக்குத் தனிச் சீட்டு. குறித்த நேரத்துக்குள் வாசலைத் தாண்டிவிட்டால் போதும், பிறகு எவ்வளவு நேரம் இருந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். தவறவிட்டவர்களுக்காக ஒரு பங்கு சீட்டுகளை முதல் நாள் மாலை வரை வைத்திருக்கிறார்கள். ஆனால் அம்மாவின் பயணத்தை அந்த அதிர்ஷ்டத்தை நம்பி விட எனக்கு மனமில்லை.

அம்மா மதுரையிலிருந்து டென்வர் வந்து பத்து நாள் ஆகிறது. வயது 64. சீட்டு கிடைத்ததைச் சொன்னதும், "மலை ஏறுற அளவுக்கு எனக்குத் தெம்பு இருக்காடி?" என்று கேட்டாள். திருவண்ணாமலையில் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலத்தைச் செருப்பில்லாமல் சுற்றி வந்தவள் அவள். கால் பற்றி எனக்குக் கவலையே இல்லை. கவலையெல்லாம் மூச்சு பற்றித்தான்.

ஜூன் 8, சனி

இரண்டு வருடம் முன்பு அப்பா வந்திருந்தபோது நான் செய்த தவறு இன்னும் உறுத்துகிறது. வந்த இரண்டாம் நாளே அவரை டிரெயில் ரிட்ஜ் சாலையில் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். அந்தச் சாலை 3,700 மீட்டருக்கும் மேலே ஏறுகிறது. உச்சியில் அவர் சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டார். இறங்கும் வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தார். ஏறும்போதே தலை வலித்திருக்கிறது. "நீ ஆசையா கூட்டிட்டுப் போற, அதைக் கெடுப்பானேன்னு இருந்துட்டேன்மா" என்றார்.

நம் வீட்டுப் பெரியவர்கள் வலியைச் சொல்லமாட்டார்கள். அதனால் இந்த முறை பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றே ஒன்றைத்தான் பார்த்தேன்: அம்மா எந்த இடத்தில் நின்றாலும், தன்னால்தான் நின்றுபோனது என்று அவளுக்குத் தோன்றக்கூடாது.

எமரால்டு ஏரிப் பாதை அப்படிப்பட்டது. வண்டி நிற்கும் இடத்திலிருந்து சில நிமிட நடையில் பேர் ஏரி. அங்கிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் நிம்ஃப் ஏரி. இன்னும் ஒரு கிலோமீட்டர் போனால் டிரீம் ஏரி. அதற்கும் மேலே எமரால்டு. ஒரு வழி மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஏற்றம் மொத்தம் இருநூறு மீட்டர் போல. நிம்ஃப் ஏரியோடு திரும்பினாலும் ஓர் ஏரியைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறோம். ஜூலையில் அதில் மஞ்சள் அல்லி பூத்திருக்கும். டிரீம் ஏரியில் நின்றால் ஹாலட் சிகரம் நேர் எதிரே எழும்பி நிற்கும். மூன்றில் எது முடிவானாலும் குறையில்லை.

ஜூன் 16, ஞாயிறு

இன்று உயரங்களை ஒப்பிட்டுப் பார்த்துத் திகைத்துப்போனேன். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர். பேர் ஏரி இருப்பது 2,888 மீட்டரில். நாம் உச்சி என்று நினைக்கும் இடத்துக்கும் மேலே போய்த்தான் முதல் அடியையே எடுத்து வைக்கப்போகிறோம். எமரால்டு ஏரி 3,080 மீட்டரைத் தொடுகிறது. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய எழுபது சதவீதம்தான். ஒரே நாளில் மதுரையிலிருந்து அங்கே போய் நின்றால் யாருக்கும் தலை சுற்றும். அம்மா 1,600 மீட்டர் உயரமுள்ள டென்வரில் ஏழு வாரம் இருந்துவிட்டுப் போகிறாள். அது பாதி வேலையை முடித்துவிடும். மீதிக்கு, முதல் நாள் இரவை எஸ்டெஸ் பார்க் ஊரில் கழிக்கிறோம். அது 2,290 மீட்டர். அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரைகளை டாக்டரிடம் காட்டி, போகலாம் என்று அவர் சொன்ன பிறகுதான் அறையைப் பதிவு செய்தேன்.

வரைபடத்தில் அந்த ஏரிகள் இருக்கும் பள்ளத்தாக்கின் பெயர் டிண்டால். பத்தாம் வகுப்பில் படித்த டிண்டால் விளைவின் அதே ஜான் டிண்டால். அவர் பனியாறுகளையும் ஆராய்ந்தவர். ஒரு காலத்தில் பனியாறு குடைந்த பள்ளங்களில்தான் இன்று டிரீம், எமரால்டு ஏரிகளின் தண்ணீர் நிற்கிறது. தேர்வுக்காக உருப்போட்ட ஒரு பெயர் இத்தனை வருடம் கழித்து ஒரு மலைச்சரிவில் கிடைத்ததில் எனக்குச் சொல்லமுடியாத சந்தோஷம்.

ஜூன் 23, ஞாயிறு

பழகிக்கொள்வதற்காக டென்வரில் ஸ்லோன்ஸ் ஏரியைச் சுற்றி நடந்தோம். சமதளம், நான்கு கிலோமீட்டருக்கு மேல். புது ஷூ அம்மாவின் சுண்டுவிரலைக் கடித்தது, கடைக்குப் போய் அரை அளவு பெரியதாக மாற்றினோம். இது மலையில் தெரிந்திருந்தால் அன்றைய நாளே போயிருக்கும்.

பருத்திப் புடவைதான் வசதி என்றாள். நனைந்தால் பருத்தி காயாது, காற்றடித்தால் உடம்பு விறைத்துவிடும் என்று விளக்கினேன். சுடிதாரும் மேலே கம்பளிச் சட்டையும் மழைச்சட்டையும் என்று முடிவானது.

ஜூலை 6, சனி

இந்த மாதம் மதியத்துக்கு மேல் மலையில் இடி இறங்கும். காலை எட்டு மணிக்கு வானம் நீலமாக இருப்பதை நம்பக்கூடாது. பன்னிரண்டு மணிக்குள் வண்டிக்குத் திரும்பிவிட வேண்டும், எந்த ஏரியில் இருந்தாலும் சரி. பேர் ஏரியில் வண்டி நிறுத்துமிடம் சீக்கிரமே நிரம்பிவிடும். நிரம்பினால் கீழே நிறுத்திவிட்டுப் பூங்காவின் பேருந்தில் ஏறிக்கொள்ளலாம்.

சாப்பாடு புளியோதரை, கடலைமிட்டாய், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். அங்கே சிப்மங்க் என்று ஒரு பிராணி உண்டு. நம்மூர் அணில் போலவே முதுகில் கோடு போட்டிருக்கும், கைக்கு எட்டும் தூரத்தில் வந்து உட்காரும். அதற்கு ஒரு பருக்கைகூடப் போடக்கூடாது, பூங்காவின் சட்டம் அது. காக்காய்க்கு வைக்காமல் சாப்பிட உட்காராத அம்மாவுக்கு இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருக்கிறது. மனிதர் போடுவதைத் தின்று பழகினால் அவை தாமாக இரை தேடுவதை விட்டுவிடும் என்றேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "சரி, அப்ப போடல" என்றாள்.

ஜூலை 9, செவ்வாய்

அப்பா வீடியோவில் வந்தார். நான் அடுப்படியில் இருந்தேன், காதில் விழுந்தது. "தலை வலிச்சா உடனே அவகிட்டச் சொல்லிடு. நான் அன்னைக்குச் சொல்லாம விட்டு அந்தப் புள்ள எவ்வளவு பயந்து போச்சு தெரியுமா" என்றார். அம்மா பதில் ஏதும் சொல்லவில்லை.

ஜூலை 10, புதன்

எஸ்டெஸ் பார்க். இரவு எட்டரை. பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "லேசா தலை வலிக்குதுடி. சொல்லிட்டேன்."

கையைப் பிடித்துக்கொண்டேன். வாந்தி வருகிற மாதிரி இல்லை, மூச்சும் வாங்கவில்லை. தண்ணீர் குடிக்க வைத்துப் படுக்கச் சொன்னேன். காலையில் வலி இருந்தால் மேலே ஏறுவதில்லை, இந்த ஊர் ஏரியையே சுற்றி வருவோம் என்றேன். அம்மா முகத்தில் வருத்தம் தெரியவில்லை.

ஜூலை 11, வியாழன்

அதிகாலை 4.40. எனக்கு முன்னால் எழுந்துவிட்டிருக்கிறாள். தலைவலி இல்லையாம். "நிஜமாவா?" என்றேன். "அப்பா மேல சத்தியமா" என்றாள். ஜன்னலுக்கு வெளியே இன்னும் இருட்டு. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அந்த அரை அளவு பெரிய ஷூவுக்கு இரண்டாவது முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.